அரை மணிக்குள் வாசலில் பெட்டி

எங்கள் பகுதிச் சிறு வியாபாரிகள் சங்கம் இந்த வருஷம் மலர் போடுகிறது. "அண்ணே, ஒரு சின்னக் கடைக்காரர் தன் வியாபாரத்துக்கு எப்படித் திட்டம் போடணும்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. ரொம்பப் படிச்சவங்க மாதிரி வேணாம், எளிமையா" என்று செயலாளர் கேட்டார். எளிமையாக எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. முப்பத்தோரு வருஷம் அதைத்தான் செய்தேன். ஆனால் நான் போட்ட திட்டங்களில் எழுதியபடியே அட்சரம் பிசகாமல் நடந்தது எது என்று யோசித்தால் ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. அதை மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

சிம்மக்கல்லில் கல்யாணப் பத்திரிகை அட்டை விற்கும் மொத்தக் கடை ஒன்றின் மாடியில் எங்கள் விளம்பர நிறுவனம் இருந்தது. நிறுவனம் என்பது பெரிய வார்த்தை. ஓர் அறை, மூன்று மேஜை, ஜன்னலைத் திறந்தால் டவுன் பஸ் ஹாரன். சேர்ந்த முதல் இரண்டு வருஷம் நோட்டீஸில் பிழை திருத்தினேன், ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினேன், கேபிள் டிவியில் அடியில் ஓடும் வரிகளை எழுதினேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதன் பிறகுதான் முதலாளி என்னைத் திட்டம் போடப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

முதலாளி ஜமால் பாய். பழைய ஊருக்குள் நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பம். குரலை உயர்த்த மாட்டார். வாடிக்கையாளர் கடைக்குப் போனால் டீ குடிக்க மாட்டார். "டீயைக் குடிச்சுட்டா அவரு கடை நல்லாயிருக்குன்னு தோணிரும் மாப்ள" என்பார். திட்டம் போடுவதற்கு முன்னால் கடைக்கு எதிர்ப்புறம் ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும். உள்ளே போகிறவர்களை எண்ண வேண்டியதில்லை. வாசல்வரை வந்து தயங்கித் திரும்புகிறவர்கள் யார், எந்த வயது, கையில் என்ன பை என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். வெயிலில் நின்று என் தலை நரைத்தது அப்படித்தான்.

திட்டம் ஒரே தாள். அதுவும் அச்சில் வீணாய்ப் போன நோட்டீஸின் பின்பக்கம். அதில் நாலு கேள்விக்குப் பதில் எழுதுவோம். வாங்குகிறவர் யார்? பக்கத்துக் கடையை விட்டு உங்களிடம் அவர் ஏன் வர வேண்டும்? உங்கள் பெயர் அவர் கண்ணில் எங்கே பட வேண்டும்? இந்த மூன்றையும் யாரும் கேட்பார்கள். நாலாவது பாய்க்கே உரியது. அந்தப் பொருள் ஒருவருக்குத் தேவைப்படப் போகிறது என்பது, அவருக்கே தெரிவதற்கு முன்னால், வேறு யாருக்குத் தெரியும்? அந்த ஆளுக்குப் பாய் வைத்த பெயர் 'முதல் ஆள்'.

விளாங்குடியில் ஒருவர் கிரில் பட்டறை வைத்திருந்தார். தொழில் சுத்தம், ஆனால் ஆர்டர் இல்லை. வீடு கட்டுகிறவருக்கு ஜன்னல் கம்பி ஞாபகம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே கொத்தனாருக்கு அது தெரியும். பட்டறையின் பெயரும் போன் நம்பரும் அச்சடித்த அளவு டேப்பைக் கொத்தனார்களுக்குக் கொடுக்கச் சொன்னேன். அவ்வளவுதான் திட்டம். ஒரே வருஷத்தில் பட்டறைக்காரர் பக்கத்து மனையையும் சேர்த்துப் பிடித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போதெல்லாம் அந்த முதல் ஆள் அவரவர் சட்டைப் பையில் இருக்கும் போன்தான். முட்டி வலிக்கிறது என்று நான் போனில் தேடினால் மறுநாளே கைத்தடி விற்க வந்துவிடுகிறது. பையன்கள் அதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

தாள் முடிந்ததும் கடைசியாக ஒரு வேலை உண்டு. பாய் அதை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, "வீட்டுல வாசிச்சுக் காட்டிட்டு நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவார். வீட்டில் யாருக்காவது ஒரு வரி உறுத்தினால், காரணம் கேட்காமல் அதை அடித்துவிட வேண்டும். எனக்கு இதில் எப்போதும் எரிச்சல். மண்டையை உடைத்து எழுதிய வரியை, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்ட ஒருவர் வேண்டாம் என்றால் அடித்துவிடுவதா? கேட்டே விட்டேன். "கடையில அவரு பாட்டுக்கு உக்காந்திருவாரு. தெருக்காரங்க மூஞ்சில முழிக்கிறது வீட்டு ஆளுகதானே மாப்ள" என்றார்.

முத்துக்கருப்பன் எங்கள் மாடிக்கு வந்தபோது பாய் ஊரில் இல்லை. இரண்டு கண்ணுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக அறுவை சிகிச்சை செய்துகொள்ளத் திருச்சியில் மகன் வீட்டில் இருந்தார். மேஜை என் பொறுப்பு. வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, என்ன தொழில் என்று கேட்டதற்கு, "வாடகைக்கு விடுறதுண்ணே" என்றார். எதை என்றேன். "சாமியானா, சேரு..." என்று இழுத்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "ஃப்ரீசர் பாக்ஸும் இருக்குண்ணே, ரெண்டு" என்றார்.

மேற்கே விவசாயக் குடும்பத்திலிருந்து விளாங்குடிக்கு வந்து பந்தல், நாற்காலி வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர். கல்யாணம், காதுகுத்து என்று நன்றாகத்தான் போயிருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று, இறந்தவர் உடலை உறவினர் வந்து சேரும்வரை வைத்திருக்கும் குளிர்பெட்டி இரண்டை வாங்கிவிட்டார். அன்றோடு கல்யாண வீட்டுக்காரர்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். எழவு வீட்டுச் சேர் நல்ல காரியத்துக்கு எதற்கு என்று. சரி, பெட்டியையாவது ஓட்டலாம் என்று வீட்டு வாசலில் போர்டு வைத்தால், எதிர்வீட்டுக்காரர் காலையில் முழிக்கிற இடத்தில் இதா என்று கிழித்துப் போட்டுவிட்டார்.

"யாருகிட்டப் போயிண்ணே கேப்பேன்? சொந்தக்காரங்க வீட்டுக்கு நலம் விசாரிக்கப் போனாக்கூட கதவைச் சாத்துறாங்க. பழைய பொழப்பும் போச்சு. இதுவும் ஓடலைன்னா நான் குடும்பத்தோட ஊரைக் காலி பண்ண வேண்டியதுதான்" என்றார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது உண்மை. அதைவிட, இப்படி ஒரு தொழிலுக்குத் திட்டம் போட்டுக் காட்ட வேண்டும் என்ற நமைச்சல் அதிகமாக வந்தது. மூன்று நாள் துக்க வீடுகளுக்கு எதிர்ப்புறம் நின்றேன். பெட்டிக்குப் போன் செய்கிறவர் அழுகிறவர் இல்லை என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. வீட்டில் அழாத ஒருவர் இருப்பார். மச்சினர், தெருக்காரர், கூட வேலை பார்ப்பவர். கார்டு அவரிடம் இருக்க வேண்டும். அவர் எங்கே இருப்பார்? மாலைக் கடையில், ஆட்டோ ஸ்டாண்டில், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கும் அச்சகத்தில். இதையெல்லாம் எழுதினேன். நாலாவது கேள்விக்கு வந்தேன். சாவு முதலில் யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கிறவருக்கு. 'வார்டு ஊழியர் ஒருவரைப் பழக்கம் செய்துகொள்ளவும். தகவல் வந்த அரை மணிக்குள் வாசலில் பெட்டி' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

மறுநாள் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பாண்டியம்மாள் என்று பெயர். தாளை என் மேஜைமேல் வைத்து, அடிக்கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"அண்ணே, மத்ததெல்லாம் சரிதான். இந்த ஆஸ்பத்திரி வரி மட்டும் வேணாம்ணே. உசுரு எப்படா போகும்னு நாம வாசல்ல காத்துக்கெடக்குற மாதிரி இருக்கு."

அப்போதே பேனாவை எடுத்து அடித்திருக்க வேண்டும். நான் பேசினேன். பேசுவதுதானே தொழில். "நாம பெட்டி கொண்டாரலைன்னா அவங்க பொழைச்சுக்கிருவாங்களா தாயி? யாரோ ஒருத்தன் கொண்டுபோகத்தான் போறான். அது உங்க வீட்டுக்காரரா இருந்தா உங்களுக்குச் சோறு. அலையவிடாம சீக்கிரம் போய்ச் சேந்தா அவங்களுக்கும் உபகாரம்" என்றேன்.  அந்த அம்மா, "நீங்க படிச்சவங்க, சொல்றீங்க" என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

திட்டம் நடந்தது. மூன்றே மாதத்தில் இரண்டு பெட்டியும் வீட்டில் தங்குவதில்லை. முத்துக்கருப்பன் மூன்றாவதும் வாங்கினார். ஒரு நாள் ஆப்பிள் பழங்களோடு வந்து நின்று, "நல்லாப் போகுதுண்ணே" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டார். இந்தத் தொழிலில் சந்தோஷப்படவும் வழியில்லை.

நல்லாப் போகிற தொழிலுக்குப் போட்டியும் வரும். வேறொரு பெட்டிக்காரர் அதே வார்டில் வேறொரு ஊழியரைப் பிடித்தார். உயிர் போனபின் தகவல் வந்து முத்துக்கருப்பன் கிளம்புவதற்குள் அந்தப் பெட்டிக்காரர் முந்திக்கொண்டார். இவர் தன் ஆளிடம், டாக்டர் கைவிரித்த உடனே சொல்லிவிடச் சொன்னார். என்னிடம் போனில் கேட்டுக்கொண்டுதான் சொன்னார். "அரை மணின்னு நீங்க எழுதியிருக்கீங்களேண்ணே, முன்னாடியே தெரிஞ்சாத்தான முடியும்?" சரிதான் என்றேன். ஏதோ ஜவுளிக்கடை நோட்டீஸில் மூழ்கியிருந்தேன். இரண்டாவது தடவை யோசிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால் ஆஸ்பத்திரியில் சாகவிட மாட்டார்கள். சொந்த வீட்டு நிலைப்படிக்குள் உயிர் போகட்டும் என்று கொண்டுவந்துவிடுவார்கள். அப்படித்தான் நாகமலை புதுக்கோட்டையைச் சேர்ந்த ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். சரஸ்வதி அம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயரை மாற்றியிருக்கிறேன். வயிற்றில் புற்றுநோய். கணவர் இல்லை. ஒரு மகன், ஒரு மகள். "கட்டி கரைஞ்சிருச்சும்மா, இனி வீட்டுல இருந்தே மாத்திரை சாப்பிட்டாப் போதும்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று பிள்ளைகள் அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவரும் நம்பி, தலை சீவிப் பூ வைத்துக்கொண்டுதான் காரில் ஏறியிருக்கிறார்.

வார்டு ஊழியர் முத்துக்கருப்பனுக்குப் போன் செய்தார். "கைவிரிச்சுட்டாங்க. வீடு போய்ச் சேருறதே சந்தேகம்தான். அட்ரஸ் எழுதிக்க."

இவர் குட்டியானை வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு பறந்தார். வீடு பூட்டியிருந்தது. பெட்டியைப் பார்த்ததும் பக்கத்து வீட்டம்மா வாயில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். தெருவே கூடிவிட்டது. பெட்டி குளிர வேண்டுமே என்று பக்கத்து வீட்டிலிருந்தே ஒயர் இழுத்துக் கொடுத்தார்கள். வந்தது வந்தாயிற்று, பெண்கள் வெயிலில் நிற்கிறார்களே என்று முத்துக்கருப்பன் சாமியானாவையும் கட்டி, சேரையும் போட்டுவிட்டார். யாரும் மகனுக்குப் போன் செய்யவில்லை. பாவம், அந்தப் பிள்ளையை இப்போது எப்படிக் கேட்பது என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள்.

கார் தெருவுக்குள் திரும்பியது. பின்சீட்டில் மகள்மேல் சாய்ந்து உட்கார்ந்து, அந்த அம்மா ஜன்னல் வழியாகத் தன் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார். சாமியானா, சேர், தலைவிரிகோலமாய் நின்ற பெண்கள், தன் வீட்டு வாசலில் கண்ணாடி மூடிப் பெட்டி. ஒப்பாரி அப்படியே நின்றுபோயிற்று.

"யாருக்குடி?" என்று மகளைக் கேட்டிருக்கிறார்.  

முத்துக்கருப்பன் எனக்குப் போன் செய்தபோது அவர் பேச்சு பேச்சாகவே இல்லை. "அண்ணே, உசுரோட வந்து எறங்குறாங்கண்ணே... என்னையப் பாக்குறாங்கண்ணே..." என்பதற்குள் அடி விழும் சத்தம் கேட்டது. வண்டிக் கண்ணாடியை உடைத்து, சட்டையைக் கிழித்து, காவல் நிலையத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். தெரிந்தவர் என்று நான் போனேன். அந்த அம்மாவின் மகன் அங்கே நின்றுகொண்டிருந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. "யாருய்யா உனக்கு இந்த வேலையைச் சொல்லிக் குடுத்தது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

முத்துக்கருப்பன் என்னை ஒரு தடவை பார்த்தார். "யாரும் இல்லீங்க. எம் புத்திதான்" என்றார்.

நான் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குத் திறந்திருந்தால் எனக்கும் நாலு அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். பயம் என்றுகூட அதைச் சொல்ல மாட்டேன். கேவலம்.

வழக்கு ஏதும் ஆகவில்லை, எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். ஆனால் 'உயிரோடு இருக்கும்போதே பெட்டி கொண்டுவருகிறவன்' என்று பெயர் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பெட்டிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார். போகிறபோது என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. பாண்டியம்மாளின் முகத்தில் முழிக்கும் தைரியம் எனக்கும் இல்லை.

பாய் அப்போது ஊர் திரும்பியிருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நான் வைத்திருந்த திட்டத் தாளின் நகலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"வீட்டுல வாசிச்சுக் காட்டுனாங்களா?"

"காட்டுனாங்க பாய்."

"என்ன சொன்னாங்க?"

சொன்னேன். நான் பேசியதையும் சொன்னேன். பாய் தாளை மடித்து மேஜைமேல் வைத்தார். திட்டவில்லை. "அந்த வீட்டுக்குப் போயிட்டு வா செல்வராஜு. மன்னிப்புக் கேக்கப் போகாத. அதெல்லாம் நமக்காகக் கேக்குறது. யாரு செஞ்சதுன்னு சொல்லிட்டு வா. அந்த மனுசன் ஒத்தையில சுமந்துக்கிட்டுத் திரியிறாரு" என்றார். மாப்ள என்று கூப்பிடாமல் பெயர் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஒரு வாரம் கடத்தினேன். பிறகு போனேன். மகன் வேலைக்குப் போயிருந்தார். மகள்தான் கதவைத் திறந்தார். சிம்மக்கல்லிலிருந்து வருகிறேன், அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றேன். அம்மாவுக்குத் தெரிந்தவர் போல என்று உள்ளே விட்டார். "அம்மா யார்கூடவும் பேசுறதில்ல சார். அன்னைக்கு எறங்குனதுல இருந்து எங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

கட்டிலில் அந்த அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எலும்பும் தோலும். நான் நின்றபடியே சொன்னேன். பெட்டி கொண்டுவந்தவர்மேல் குற்றமில்லை, தாளில் எழுதிக் கொடுத்தவன் நான், வார்டில் ஓர் ஆளைப் பிடித்து வைக்கச் சொன்னதும் நான்தான் என்று.  அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப, அந்த ஆஸ்பத்திரி ஆளுக்கு எல்லாம் தெரியும்ல?"

எனக்குப் புரியவில்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"எம் பிள்ளைகளைக் கேட்டாச் சொல்ல மாட்டாங்க. டாக்டரும் சொல்ல மாட்டாரு. உங்க ஆளுகிட்டக் கேட்டுச் சொல்றீங்களா? எனக்கு இன்னும் எம்புட்டு நாள்னு."

மகள் தண்ணீரோடு வரும் சத்தம் கேட்டது. "கேட்டுட்டு வாரேம்மா" என்று சொல்லிவிட்டு, தண்ணீரைக்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். வாசலில் மகள் என் போன் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டார்.

நான் யாரிடமும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு மறுபடி போகவும் இல்லை. மகனிடம் சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை. பாய் கேட்டபோது, சொல்லிவிட்டேன் என்றேன்.

மாதம் ஒன்று ஆகியிருக்கும். மகள் போன் செய்தார். அம்மா போய்ப் பதினாறு நாள் ஆகிவிட்டது என்றார். "சார், நீங்க வந்துட்டுப் போனதுக்கப்புறம் தெனமும் காலையில 'சிம்மக்கல்காரர் வந்தாரா'ன்னு மட்டும் கேப்பாங்க. எங்கிட்டப் பேசுனது அம்புட்டுத்தான். கடைசி நாளும் கேட்டாங்க. உங்ககிட்ட என்ன சார் சொன்னாங்க?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"எங்களைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா சார்? பொய் சொல்லிட்டோம்னு கோவமா இருந்தாங்களா?"

"கோவமெல்லாம் இல்லம்மா" என்றேன். "எம் பிள்ளைங்க எனக்காகத்தான் அப்படிச் சொன்னாங்க, அது எனக்குத் தெரியும்னு சொன்னாங்க. உங்க ரெண்டு பேரையும் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க."

அந்தப் பெண் வெகுநேரம் அழுதது. போனை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரொம்ப நன்றி சார், இனி தூங்கிருவேன்" என்று சொல்லி வைத்தது.

அவருடைய அம்மா பிள்ளைகளைப் பற்றி என்னிடம் சொன்னது, 'கேட்டாச் சொல்ல மாட்டாங்க' என்ற ஒரு வரிதான்.